நண்டு அட்டையும் மெக்சிகோ பொய்யும்: ஒரு தடைப் புத்தகத்தின் பழைய பிரதியை அடையாளம் கண்ட கதை

நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஆறு புகைப்படங்களை அனுப்பியிருந்தார். அவருடைய பக்கத்துத் தெருவில் ஒரு முதியவர் இறந்துபோக, பிள்ளைகள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பீங்கான் தட்டுகள், தையல் இயந்திரம், பனிச்சறுக்குக் கட்டைகள் எல்லாம் விலைச்சீட்டோடு வாசலில் கிடந்தன. அவற்றின் நடுவே ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள். எதை எடுத்தாலும் இரண்டு டாலர். நண்பர் மூன்றை எடுத்து வந்தார். அவற்றில் ஒன்று ஹென்றி மில்லரின் 'டிராபிக் ஆஃப் கேன்சர்'. அதன் முதல் பதிப்பு பல ஆயிரம் டாலருக்கு விலைபோகிறது என்று எங்கோ படித்தவருக்கு அன்றிரவு தூக்கம் போய்விட்டது. "பார்த்துச் சொல்லுங்கள், இது அதுதானா?" என்று கேட்டிருந்தார்.

ஆறாவது படத்தைப் பார்த்ததுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. அது புத்தகத்தின் கடைசிப் பக்கம். மெக்சிகோவில் வெளியிடப்பட்டது என்று அதில் இருந்தது. நண்பர் அந்த வரியைத்தான் பெரிதாக நம்பியிருந்தார். பாரிஸ் புத்தகம் மெக்சிகோவில் அச்சாகியிருக்கிறது என்றால் அது இன்னும் அபூர்வமாக அல்லவா இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. உடனே பதில் எழுத மனம் வரவில்லை. 'இல்லை' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அவர் கையிலிருக்கும் பிரதிக்கு அநியாயம் செய்தது போலாகும்.

முதலில் 'அதுதானா' என்று அவர் கேட்ட அந்தப் பிரதியைப் பார்த்துவிடுவோம்.

மில்லர் 1891 டிசம்பர் 26-ல் நியூயார்க்கில் பிறந்தவர், புரூக்ளினில் வளர்ந்தவர், தையற்காரர் மகன். 1930-ல் பாரிஸுக்குப் போனபோது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் காசில்லை, அச்சில் வந்த ஒரு நாவலும் இல்லை. அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் பாரிஸ் பதிப்பில் பிழை திருத்தினார். தீஜோன் நகரப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். மற்ற நாட்களில் யார் வீட்டில் சோறு, எந்த அறையில் படுக்கை என்று நண்பர்களின் தயவில் காலம் ஓடியது. இந்த வாழ்க்கைதான் நாவல். எழுதும் 'நான்' யார் என்பதை அவர் மறைக்கவே இல்லை. சுற்றியிருந்தவர்களுக்கு மட்டும் வேறு பெயர் வைத்தார். எழுத்தாள நண்பர் ஆல்ஃபிரட் பெர்லே 'கார்ல்' ஆனார். மனைவி ஜூன் 'மோனா' ஆனார். மில்லருக்குச் சில நாள் படுக்க இடம் கொடுத்து, அதற்கு ஈடாக வீட்டு வேலை வாங்கிக்கொண்ட குஜராத்தி முத்து வணிகர் நானாவதி, நாவலில் 'நனந்தாட்டி' ஆகிவிட்டார். அதையும் ஒலித்திரிபாக்கி 'ஒன்றுமில்லாதவர்' என்று ஆங்கிலத்தில் கேலி செய்கிறார் மில்லர். நம்மவர்களுக்கு அந்தப் பக்கங்கள் சற்று உறுத்தும். எனக்கு உறுத்தியது. உணவளித்தவனைக் கிண்டல் செய்வதில் மில்லருக்குக் கூச்சமே கிடையாது. பெண்களைப் பற்றியும் யூதர்களைப் பற்றியும் எழுதும்போதும் அப்படித்தான். 1970-ல் பெண்ணிய விமரிசகர் கேட் மில்லட் அவரைப் பிடித்துக் குடைந்ததில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், பசித்த ஒருவன் பாரிஸ் தெருவில் நடப்பதை இவரைப் போல எழுதியவர்கள் குறைவு என்பதையும் மறுக்க முடியாது.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் இதைக் 'கடக ரேகை' என்று சொல்லிவிடலாம். பள்ளிப் பாடத்திலேயே இருக்கும் சொல். கடகம் என்றால் நண்டு, ராசியும் வந்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலச் சொல்லுக்குள் பதுங்கியிருக்கும் மூன்றாவது பொருளான புற்றுநோய் தமிழில் கழன்று விழுந்துவிடும். மில்லருக்கோ அந்தப் பொருள்தான் முக்கியம். நாகரிகத்துக்குப் பிடித்த நோய் என்றுதான் அவர் தலைப்புக்கு விளக்கம் சொன்னார்.

கையெழுத்துப் பிரதி 1932-ல் முகவர் வில்லியம் பிராட்லி மூலமாக ஜாக் கஹேனிடம் போய்ச் சேர்ந்தது. இந்தக் கஹேன் ஒரு தனிப்பிறவி. மான்செஸ்டர்காரர். முதல் உலகப் போரில் நச்சுப்புகையில் நுரையீரல் கெட்டுப்போனவர். பாரிஸில் குடியேறி ஒபெலிஸ்க் பிரஸ் என்ற பெயரில் ஆங்கிலப் புத்தகங்கள் போட்டவர். அவர் வியாபாரத்தின் சூத்திரம் எளியது. லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆபாசம் என்று தடுக்கப்படும் நூலைப் பாரிஸில் அச்சிட்டால், ஆங்கிலம் படிக்காத பிரெஞ்சு அதிகாரிகள் கண்டுகொள்ள மாட்டார்கள். கோடையில் வரும் ஆங்கிலேய, அமெரிக்கப் பயணிகள் வாங்கிப் பெட்டிக்குள் ஒளித்துக்கொண்டு போவார்கள். 'செசில் பார்' என்ற புனைபெயரில் அவரே சில கிளுகிளுப்பு நாவல்களை எழுதித் தள்ளியிருக்கிறார். அந்தக் காசில் நல்ல இலக்கியம் போடுவதாக அவருக்கு ஒரு சமாதானம்.

மில்லரின் பிரதியைப் படித்த நாளைக் கஹேன் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். மதிய உணவு முடித்து, வீட்டுத் தோட்டத்தில் பெரிய செம்பு நிற பீச் மரத்து நிழலில் உட்கார்ந்து எடுத்தாராம். முடித்தபோது அந்தி சாய்ந்துவிட்டதாம். தன் கைக்கு வந்ததிலேயே மிகக் கொடூரமானதும், மிக அசிங்கமானதும், மிக மகத்தானதுமான எழுத்து இதுதான் என்று தோன்றியதாம். மூன்று அடைமொழிகளையும் ஒரே மூச்சில் சொன்ன பதிப்பாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த அந்திக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள் ஓடின. கஹேனுக்குப் பயம். கூட்டாளிக்கு இன்னும் பயம். முதலில் ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸைப் பற்றி ஓர் ஆய்வு நூல் எழுதிக் கொடுங்கள், உங்களைத் தீவிரமான எழுத்தாளர் என்று நிலைநிறுத்திவிட்டு இதைப் போடலாம் என்று மில்லரிடம் சொன்னார். மில்லரும் உட்கார்ந்து எழுதத் தொடங்கி, அந்த லாரன்ஸ் வளர்ந்துகொண்டே போய் அவர் உயிரை வாங்கியது. 1980-ல் மில்லர் இறந்த ஆண்டில்தான் அது புத்தகமாக வந்தது. இதற்கிடையே நாவலைத் திரும்பத் திரும்ப வெட்டி எழுதினார். அந்த வகையில் கஹேனின் பயம் நாவலுக்கு நன்மையே செய்தது.

கடைசியில் தடையை நீக்கியது பணம். மில்லரின் காதலியும் எழுத்தாளருமான அனாய்ஸ் நின் அச்சுச் செலவுக்குக் கொடுத்தார். அந்த 5,000 பிராங்கை அவர் உளவியலாளர் ஆட்டோ ராங்கிடம் கடன் வாங்கியதாகத் தெரிகிறது. முன்னுரையிலும் நின் பெயர்தான் இருக்கிறது. 1934 செப்டம்பர் 1-ம் தேதி புத்தகம் வந்தது. அதே நாளில்தான் மில்லர் வில்லா சூரா தெருவின் 18-ம் எண் வீட்டுக்குக் குடிபோனார். ஆயிரம் பிரதிகள். விலை 50 பிராங்க்.

இனி, அந்த ஆயிரத்தில் ஒன்று கையில் கிடைத்தால் எப்படி இருக்கும் என்பது.

பிரெஞ்சு வழக்கப்படி அது காகித அட்டைப் புத்தகம். கெட்டி அட்டையும் இல்லை, துணிக்கட்டும் இல்லை. வாங்கியவர் விரும்பினால் தன் செலவில் பைண்டரிடம் கொடுத்துத் தோல் கட்டிக்கொள்ளலாம் என்பது அந்த ஊர் நடைமுறை. முன்னட்டையில் ஒரு பெரிய நண்டு, தன் கொடுக்குகளில் ஒரு நிர்வாணப் பெண்ணின் உடலைத் தூக்கிப் பிடித்திருக்கும். கோடுகள் கொஞ்சம் கரடுமுரடு. தேர்ந்த ஓவியன் கை இல்லை என்பது பார்த்த உடனே தெரியும். வரைந்தவன் கஹேனின் மகன் மோரிஸ். 1919 ஏப்ரலில் பிறந்தவன், புத்தகம் வந்தபோது வயது 15. உள்ளே இருப்பதைப் படிக்க அந்த வயதில் எந்த வீட்டிலும் விடமாட்டார்கள்; இங்கே தகப்பனே மகனிடம் அட்டைப்படம் வரையச் சொல்லியிருக்கிறார். சிக்கனம்தான் காரணமாக இருக்க வேண்டும். அந்தப் பையன்தான் பின்னாளில் தாயின் குடும்பப் பெயரான ஜிரோடியாஸைச் சூட்டிக்கொண்டு, ஒலிம்பியா பிரஸ் தொடங்கி, 1955-ல் 'லோலிட்டா'வை வெளியிட்டவர்.

அட்டையிலேயே இன்னொரு வரி இருக்கும்: பிரிட்டனுக்கோ அமெரிக்காவுக்கோ கொண்டுபோகக் கூடாது என்று ஆங்கிலத்தில். இதுபோகப் புத்தகத்தைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை. கடையின் கண்ணாடி ஜன்னலில் வைக்கக் கூடாது என்று அதில் பிரெஞ்சில் எச்சரிக்கை. பட்டை கிழியும், தொலையும், வாங்கிய அன்றே குப்பைக்குப் போகும். அதனால் பட்டையோடு ஒரு பிரதி கிடைத்தால் சேகரிப்பாளர்களுக்குத் திருவிழா.

இந்த இடத்தில் ஒரு விநோதத்தைக் கவனிக்கலாம். கஹேன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தவைதான் இவை அத்தனையும்: எச்சரிக்கை வரி, ஜன்னலில் வைக்காதே என்ற பட்டை, சிறு எண்ணிக்கை, மகன் கையால் மலிவான படம். இன்று முதல் அச்சை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் தடயங்களும் இவையேதான். எழுத்து எல்லாப் பதிப்பிலும் கிடைக்கிறது. பின்னாளில் அமெரிக்காவில் குரோவ் பிரஸ் போட்ட பழைய பேப்பர்பேக் ஒரு காபி விலைக்கு வரும். சேகரிப்பவர் காசு கொடுப்பது பயத்துக்கு. எந்த அளவுக்குப் பயத்தின் சுவடு பிரதியில் கலையாமல் இருக்கிறதோ அந்த அளவுக்கு விலை ஏறும். அதனால்தான் அன்றைக்குப் பணக்காரர் ஒருவர் அழகாகத் தோல் கட்டி, பொன் எழுத்துப் பொறித்து வைத்த பிரதியைவிட, முதுகு வெடித்து, ஓரம் பழுப்பேறி, நண்டு அட்டை மட்டும் தப்பித்த பிரதிக்கு மதிப்பு அதிகம். பைண்டர் அட்டையைக் கழற்றி எறிந்திருந்தால் நண்டும் போயிற்று, எச்சரிக்கையும் போயிற்று.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு குழப்பம் வரும். நம் ஊரில் மறு அச்சு ஒவ்வொன்றையும் 'பதிப்பு' என்றே போட்டுப் பழகிவிட்டோம். ஒரு எழுத்தும் மாறாத நாவல் 'பதினோராம் பதிப்பு' என்று வருகிறது. பழம்புத்தக வியாபாரத்தில் பதிப்பு வேறு, அச்சு வேறு. அதே அச்சுக்கோப்பில் மறுபடி எடுத்தால் அது அதே பதிப்பின் இரண்டாவது அச்சு. ஒபெலிஸ்க் 1935-லும் அதற்குப் பிறகும் மறு அச்சுகள் போட்டது. அவையும் கஹேன் காலத்தவை, அவையும் கடத்தலில் போனவை, அவற்றையும் வாங்க ஆள் உண்டு. ஆனால் 1934 பிரதியின் விலையில் சிறு பங்குதான். முன்பக்க அச்சு விவரத்தைப் படிக்காமல் 'ஒபெலிஸ்க்' என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. ஐயம் வந்தால் லாரன்ஸ் ஷிஃப்ரினும் ராஜர் ஜாக்சனும் 1993-ல் தொகுத்த மில்லர் நூலடைவைப் புரட்டுவார்கள். கஹேனின் மொத்த வெளியீடுகளுக்கும் தனி வரலாறே இருக்கிறது. எழுதியவர் நீல் பியர்சன், பிரிட்டிஷ் தொலைக்காட்சி நடிகராக இருந்து பழம்புத்தக வியாபாரத்துக்கு வந்தவர்.

பிரதிகள் எப்படிப் பயணம் செய்தன என்பது தனிக் கதை. 1935-ல் கிரீஸின் கோர்ஃபூ தீவில் இருந்த 23 வயது ஆங்கில எழுத்தாளர் லாரன்ஸ் டரெல் கையில் ஒன்று சிக்கியது. படித்துவிட்டு மில்லருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் தொடங்கிய நட்பு மில்லர் சாகும்வரை நீண்டது. கவிஞர் பிளேஸ் சென்ட்ரார், நமக்கு ஓர் அமெரிக்க எழுத்தாளர் பிறந்திருக்கிறார் என்ற பொருளில் பிரெஞ்சில் மதிப்புரை எழுதினார். நியூயார்க்கில் காதம் புக் மார்ட் நடத்திய ஃபிரான்சஸ் ஸ்டெலாஃப், சுங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவி வந்த பிரதிகளைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

எனக்குப் பிடித்தது ஜார்ஜ் ஆர்வெல் வீட்டுப் பிரதியின் கதை. மில்லரைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதியவர் அவர். 1940 ஜனவரியில் பதிப்பாளர் கோலன்ஸுக்கு எழுதிய கடிதத்தில், 'டிராபிக் ஆஃப் கேன்சர்' இரவல் தர இயலாததற்குக் காரணம் சொல்கிறார். ஒபெலிஸ்க் பிரஸ்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்தைத் தபாலிலேயே பிரித்துப் பார்த்துவிட்டார்கள். இரண்டு துப்பறிவாளர்கள் வீட்டுக்கு வந்து, தபாலில் வந்த புத்தகங்களை எல்லாம் பறிமுதல் செய்துவிட்டார்கள். நடந்துகொண்ட விதம் மிகவும் கண்ணியம் என்கிறார் ஆர்வெல். எழுத்தாளர் என்பதால் சட்டவிரோதப் புத்தகங்கள் தேவைப்படலாம் என்று அரசு வழக்கறிஞரே ஏற்றுக்கொண்டு, 'லேடி சாட்டர்லி' முதலான சிலவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். மில்லர் மட்டும் திரும்பவில்லை. மரியாதைக்குரியதாக ஆகும் அளவுக்கு அவர் புத்தகங்கள் இன்னும் பழசாகவில்லை போலிருக்கிறது என்று ஆர்வெல் முடிக்கிறார். ஆபாசச் சட்டத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமரிசனம் எனக்குத் தெரியாது.

கஹேன் 1939 செப்டம்பர் 2-ம் தேதி, பிரிட்டன் போர் அறிவிப்பதற்கு முந்தைய நாள் இறந்தார். பாரிஸிலிருந்து சரக்கு வரும் வழி அடைபட்டது. தேவை மட்டும் குறையவில்லை. இங்கேதான் நண்பரின் கடைசிப் பக்கம் கதைக்குள் வருகிறது.

1940-ல் நியூயார்க்கில் ஜேக்கப் பிரசெல் என்ற புத்தக வியாபாரி 'மெடூசா' என்ற பெயரில் நாவலைக் கள்ளத்தனமாக அச்சிட்டார். மில்லருக்குக் காசு போகவில்லை, உரிமையும் கேட்கவில்லை. ஆனால் அமெரிக்க மண்ணில் இந்த நாவல் அச்சேறியது அதுவே முதல்முறை. நியூயார்க்கில் அச்சானது என்று தெரிந்தால் சிறை என்பதால் கடைசிப் பக்கத்தில் மெக்சிகோ என்று போட்டார். அந்தப் பொய் அவரைக் காப்பாற்றவில்லை. கண்டுபிடித்து மூன்றாண்டு சிறையில் தள்ளினார்கள். அந்தப் பதிப்பின் ஒரு பிரதி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. அச்சிட்டவரைச் சிறைக்கு அனுப்பிய அரசின் நூலகத்தில்தான்.

ஆக, நண்பர் நம்பிய 'மெக்சிகோ' ஒரு வியாபாரி பயந்து எழுதிய பொய். நண்டு அட்டை போலவே இதுவும் ஒரு தடயம். இந்தப் பொய் இருப்பதால்தான் இது எந்தப் பிரதி என்று ஆறு புகைப்படங்களை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடிந்தது.

போர் முடிந்தபின் நடந்தவற்றில் பெரும்பகுதி நீதிமன்றக் கதை, வேகமாகக் கடந்துவிடுகிறேன். பாரிஸில் இறங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள் மகன் ஜிரோடியாஸ் மறுபடி அச்சிட்ட பிரதிகளை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்ததும் பிரான்ஸுக்கே திடீரென்று ஒழுக்க உணர்ச்சி பொங்கி, 1946-ல் மில்லரின் பதிப்பாளர்கள் மீது புகார் எழுந்தது. ஆங்கிலத்தில் 12 வருடம் விற்றபோது யாருக்கும் தெரியாத ஆபாசம் பிரெஞ்சில் தெரிந்துவிட்டது. விமரிசகர் மோரிஸ் நாதோ முன்னின்று ஒரு பாதுகாப்புக் குழு அமைக்க, எழுத்தாளர்கள் ழீத், சார்த்ர் எல்லாம் பக்கத்தில் நிற்க, வழக்கு பிசுபிசுத்துப் போனது. அமெரிக்காவில் எர்னஸ்ட் பெசிக் என்ற சிவில் உரிமைக்காரர் சட்டப்படியே வரவழைத்துப் பார்த்தார். 1953-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் புத்தகம் ஆபாசம்தான் என்று முடித்துவிட்டது.

பார்னி ராசட்டைக் கடந்து போக முடியாது. 1940-ல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் முதலாண்டு மாணவராக இருந்தபோது ஸ்டெலாஃபின் கடையில் இந்தப் புத்தகத்தை வாங்கி, மில்லரைப் பற்றி ஆங்கில வகுப்புக்குக் கட்டுரை எழுதியவர் அவர். பி மைனஸ் மதிப்பெண் கொடுத்தார்கள். இருபத்தோரு வருடம் கழித்து, குரோவ் பிரஸ் முதலாளியாக, மில்லருக்கு 50,000 டாலர் முன்பணம் கொடுத்து, 1961 ஜூனில் அதே புத்தகத்தை 7 டாலர் 50 சென்ட் விலையில் வெளிப்படையாக வெளியிட்டார். 95 சென்ட் பேப்பர்பேக் சில மாதத்தில் வந்தது. கடைக்காரர்கள் மீது ஊருக்கு ஊர் வழக்கு. மொத்தம் 60-க்கு மேல். ராசட் எல்லோருக்கும் வக்கீல் செலவைத் தாங்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார். நிறுவனமே திவாலாகும் நிலை வந்தது. சிகாகோ வழக்கில், காசுக்காகத்தானே போட்டாய் என்று எதிர்த்தரப்பு மடக்கியபோது, ராசட் சட்டைப்பையிலிருந்து எடுத்தது என்ன தெரியுமா? அந்த பி மைனஸ் கட்டுரை. கூண்டிலேயே வாசித்துக் காட்டினார். நீதிபதி சாமுவேல் எப்ஸ்டீன் புத்தகத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். மதிப்பெண் போட்ட பேராசிரியர் அந்தச் செய்தியைப் படித்தாரா என்று யோசித்துப் பார்ப்பேன்.

1964 ஜூன் 22-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஃபுளோரிடா வழக்கில், நாவல் ஆபாசமல்ல என்று முடித்துவைத்தது. அதற்குப் பிறகும் எல்லா நீதிபதிகளும் சமாதானமாகவில்லை. 1966-ல் பென்சில்வேனியா நீதிபதி மைக்கேல் முஸ்மானோ மறுப்புத் தீர்ப்பில் இது புத்தகமே அல்ல, சாக்கடை, திறந்த கழிவுநீர்க் கால்வாய் என்று பக்கம் பக்கமாகப் பொரிந்து தள்ளினார். மில்லரைத் திட்டும் ஆவேசத்தில் அவர் நடை மில்லரின் நடை போலவே ஆகிவிட்டது என்று சொன்னால் இருவரும் சண்டைக்கு வருவார்கள்.

தடை நீங்கியபின் பழைய பிரதிகளின் மதிப்பு சரியும் என்றுதான் சாதாரண புத்தி சொல்லும். எங்கும் கிடைக்கும் பொருளுக்கு யார் அதிக விலை கொடுப்பார்கள்? நடந்தது தலைகீழ். கடத்திக் கொண்டுவர வேண்டிய அவசியம் போனதும், கடத்தப்பட்டவை எண்ணிக்கையில் நின்றுபோயின. ஆயிரம் என்பது இனி ஒருபோதும் ஆயிரத்தொன்று ஆகாது; சுங்கத்தில் பறிபோனவை, தோல் கட்டில் முகம் இழந்தவை, மனைவிக்கோ மகளுக்கோ பயந்து அடுப்பில் போனவை என்று குறையத்தான் செய்யும். நண்பர் தூக்கம் கெட்டதற்குக் காரணமான விலை அப்படி வந்ததுதான்.

மூன்றாம் நாள் நண்பரைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கஹேன், நண்டு, ராசட்டின் கட்டுரை வரை. அமைதியாகக் கேட்டார். "அப்படியென்றால் இது திருட்டுப் பதிப்பு" என்றார். ஆமாம் என்றேன். பாரிஸ் முதல் அச்சின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் கொடுத்த இரண்டு டாலருக்கு எந்த நாளும் நஷ்டமில்லை. மில்லர் இதற்காகப் பட்டினிதான் கிடந்தார், இந்த அச்சுக்காகச் சிறைக்குப் போனவர் வேறொருவர் என்றும் சொன்னேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. "யாரோ சிறைக்குப் போன புத்தகம் என் வீட்டில் இருக்கிறது" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

விற்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாராம். கடைசிப் பக்கத்தை மட்டும் யாரும் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது என்றேன். அலமாரியில் வைத்துவிட்டீர்களா என்று கேட்டதற்குக் கொஞ்சம் தயங்கினார். மாமியார் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கப் போகிறாராம்; ஆங்கிலம் நன்றாகப் படிப்பவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அதனால் பிள்ளையின் பள்ளி நோட்டுக்கு வாங்கிய பழுப்புத் தாளில் அட்டை போட்டு, முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் 'வருமான வரி' என்று எழுதி மேல்தட்டில் வைத்திருக்கிறார்.